நாலாவது கைக்குட்டை

இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கித் தொலைத்தேன். இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போய்விட்டது. புத்தகத்தைப் பார்த்து, ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலிலேயே நானே மாற்றினேன். இன்ஜினைத் திறந்ததும் நான்கு சிலிண்டரிலும் தூசி விழாதிருக்க, கொடியில் காய்ந்த நான்கு துணிகளை அடைத்தேன். பிறகு புதுக் கேஸ்கெட்டை வைத்து மூடி, போல்ட்டுகளை முடுக்கினேன்.

மாலையில், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமனாரை ஜங்ஷனில் மதுரை ரயில் ஏற்ற வேண்டும். மறுநாள் அங்கே மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். அவர் பெட்டியோடு காரில் ஏறிவிட்டார். நான் சாவியைத் தொட்டேன்.

"மாப்ளே, என் கைக்குட்டை மூணு கரியாக் கிடைச்சுது. நாலாவது எங்கே?"

சாவியிலிருந்து கையை எடுத்தேன். "இன்ஜினுக்குள்ள இருக்கு மாமா."

"சரி, போற வழியில எடுத்துக்கலாம்."

"எடுக்க இன்னும் ஒரு நாள் ஆகும் மாமா."

"குதிரை வண்டி கூப்பிடட்டுங்களா?" என்றாள் உள்ளிருந்து என் மனைவி. அவள் சிரிப்பை அடக்குவது வாசல்வரை கேட்டது.

வண்டிக்காரரைக் கெஞ்சி, குதிரையை விரட்டச் சொல்லி, ரயிலை எப்படியோ பிடித்தோம்.

இப்போது நான் அடைக்கும் துணிகளுக்கு வெளியே நீளமாக வால் தொங்கும். எண்ணிப் பார்த்துத்தான் மூடுகிறேன். மாமனாரும் திருந்திவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கைக்குட்டையைத் துவைப்பதே இல்லை.