திருப்பிச் சொன்ன ஃபயர்மேன்

என் அண்ணன் வேலுச்சாமி மாதிரி ஒரு கிறுக்கனை தாராவியில் நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷம் கூட்ஸ் எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. 1964-இல் அமெரிக்காவிலிருந்து டீசல் எஞ்சின் வருகிறது என்றார்கள். ஷெட்டில் திரை கட்டி அந்த ஊர் ரயில்களைப் படமாகவும் காட்டினார்கள். மலைக்கு நடுவே வெள்ளி மாதிரி மின்னும் வண்டி, கண்ணாடிக் கூரை போட்ட பெட்டி, சலவைச் சட்டையில் டிரைவர், அவர் பக்கத்தில் உதவியாளுக்கும் ஒரு நாற்காலி. அண்ணன் ஒரு வாரம் அந்த நாற்காலியைப் பற்றியே பேசினான். கண் பரிசோதனையில் தேறினால் அது அவனுக்கு. தேறாவிட்டால் யார்டில் கரி இறக்கும் வேலை.

அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வாயில்தான் சனி உட்கார்ந்திருந்தது. டிரைவர் சிக்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்; ஃபயர்மேன் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் எஞ்சின் வழக்கம். பரிசோதனை அறையில் அவனுடைய டிரைவர் பூலோகத்தை முதலில் கூப்பிட்டார்கள். டாக்டர் விளக்கைக் காட்ட, பூலோகம் பச்சை என்றார். பெஞ்சில் இருந்த இவனும் பச்சை என்று கத்தினான். சிவப்புக்கும் அப்படியே. இவன் கேட்டு ஒப்பிக்கிற ஆள் என்று சொல்லி, விளக்கைக் காட்டாமலே டாக்டர் இவன் பேரை அடித்துவிட்டார்.

மறுநாளே பூலோகத்தை வீட்டிலிருந்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். அண்ணனும் வந்தான். தான் சொல்வதை இவன் திருப்பிச் சொல்வது எஞ்சின் வழக்கம் என்று பூலோகம் பவ்யமாகச் சொன்னார். டாக்டர் சிரித்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது இவன் தன் கண்ணால் பார்த்துச் சொன்னதுண்டா என்று கேட்டார்.

உண்டு. போன ஜூலை மழையில், குர்லா தாண்டி, பூலோகம் பச்சை என்றபோது இவன் சிவப்பு என்று கத்தி வண்டியை நிறுத்த வைத்தான். முன்னால் ஆள் நிறைந்த லோக்கல் ரயில் நின்றது. மேலே தெரிந்தால் பூலோகத்தின் வேலை போகும் என்று இருவரும் மறைத்துவிட்டார்கள். என்னிடம் மட்டும் அண்ணன் சொல்லியிருந்தான்.

பூலோகம் டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அந்த மனுஷனின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. பொறுக்கமாட்டாமல் நானே எல்லாவற்றையும் இந்தியில் கொட்டிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இது நிஜமா என்று அண்ணனைக் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் நடக்கல சாப். என் மேல உள்ள பாசத்துல தம்பி பொய் சொல்லுதான்."

வெளியே கேட் பக்கத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏல, அவருக்கு மூணு பொட்டப்பிள்ள இருக்கு" என்றான்.

"ஒனக்கு நாலு இருக்குல்லா அண்ணே?"

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு நடந்தான். திங்கட்கிழமை கரி இறக்கப் போனான்.