உக்காரு, தரேன்

மேலூரில் வள்ளிக்கண்ணு வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். இடது கால் சத்தமில்லாமல் பதியும். வலது கால் மட்டும் 'தப்' என்று தரையில் அறையும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண்கள் அதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனி பிறந்து நடவுக்கு இறங்கினால் சிரிப்பு தானாக அடங்கிவிடும். வள்ளிக்கண்ணு ஒரு தடவை குனிந்தாளென்றால் குதிகால் பின்வரப்பில் முட்டும்போதுதான் நிமிர்வாள். சிரித்த பெண்கள் பாதி வயலிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு 'அம்மாடி' என்று நிற்பார்கள். அந்த வேகம் அவளுக்கு அந்தக் காலால்தான் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

ஐம்பத்தேழு ஐப்பசியில் அவளுக்குத் தலைப்பிரசவம். வீட்டிலேயே இரண்டு நாள் வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். புருஷன் பிச்சமுத்து வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்து, ஸ்ரீரங்கத்தைக் கடந்து, காவிரிப் பாலம் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். மாமியார் பவுனம்மாள் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக சமயபுரத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். "ஆத்தா, ரெண்டு உசிரையும் குடுத்துடு. புள்ளைக்கு வயசு ஒண்ணு நிறையறதுக்குள்ள, பெத்தவங்க ரெண்டு பேரும் தோள்ல கரும்புத் தொட்டில் சுமந்து உன்னைச் சுத்தி வருவாங்க. இது சத்தியம்!"

ஆத்தா கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள் என்றாலும் பெண் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. ரங்கநாயகி என்று பெயர் வைத்தார்கள். தாயும் பிழைத்தாள். ஆனால் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி எடுத்து வைத்தபோது வலது பாதம் அவள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. முட்டி மடங்குகிறது, தொடை தூக்குகிறது, பாதம் மட்டும் தொங்குகிறது. பெருவிரலைத் தூக்கு என்று மனசு சொல்கிறது. விரல் யாரோ வேற்று மனுஷியுடையது போலச் சும்மா கிடக்கிறது.

"பச்சை உடம்பு, அசதிடி. வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்றாள் பவுனம்மாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். "சுடுதா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் கொடுத்தாள். வள்ளிக்கண்ணுவுக்குச் சுடவேயில்லை. சுடவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றினாள். மறுநாள் காலையில் பாதத்தின் மேல்புறம் முழுவதும் கொப்புளம். அதைப் பார்த்த பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் கையாலேயே சுட்டுப்புட்டேனே! ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தெரியலையே அத்தை" என்றாள் வள்ளிக்கண்ணு. அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது.

மறுபடி வண்டி, மறுபடி பாலம். ஆஸ்பத்திரியில் அருள்நாதன் என்ற சின்ன வயசு டாக்டர், கோழி இறகால் அவள் பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளங்கச் சொன்னார். "புள்ளைத் தலை இடுப்பு எலும்புக்குள்ள ரொம்ப நேரம் நின்னிருக்கும்மா. அங்க ஒரு நரம்பு நசுங்கிப் போச்சு. அறுந்து போகலை, நசுங்கித்தான் இருக்கு. மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா உயிர் வரும். மாசக்கணக்காகும். முழுசா வருமான்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. அதுவரைக்கும் பாதத்தைத் தொங்க விடாதீங்க, தூக்கிக் கட்டி வைங்க. காலையிலயும் சாயங்காலமும் கையால மேல மடக்கி விடுங்க. இல்லேன்னா குதிகால் நரம்பு இழுத்துக்கும். அப்புறம் உயிர் வந்தும் பிரயோஜனம் இல்லை."

"ஒத்தடம்?" என்று பவுனம்மாள் ஈனஸ்வரத்தில் கேட்டாள்.

"எண்ணெய் தேய்ங்க, பாட்டி. சூடு மட்டும் வேண்டவே வேண்டாம்."

தூக்கிக் கட்ட வழி கண்டுபிடித்தவன் பிச்சமுத்து. அம்மா மண்டபம் சாலையில் காஜா மைதீனின் சைக்கிள் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். காஜா மைதீன் பழைய சைக்கிள் சீட்டின் தோலை அறுத்து, முட்டிக்குக் கீழே கட்டுகிற பட்டையாகத் தைத்தார். அதிலிருந்து ஒரு டியூப் துண்டைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் பாதத்தை மாட்ட ஒரு வளையம் வைத்தார். மாட்டிக்கொண்டால் ரப்பர் பாதத்தை மேலே இழுத்துப் பிடிக்கும். "தங்கச்சியை நடக்கச் சொல்லுங்க. தேய்ஞ்சுதுன்னா வாங்க, டியூபுக்கா இந்தக் கடையில பஞ்சம்?" என்றார். வள்ளிக்கண்ணு மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

தை மாதத்தில் அது நடந்தது. எண்ணெய் தேய்ப்பதற்காகப் பட்டையைக் கழற்றி வைத்திருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. எந்தத் தாய் பட்டையைத் தேடுவாள்? அப்படியே எழுந்து போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். தொங்கிய விரல் நிலைப்படியில் தட்டியது. விழும்போதே உடம்பைத் திருப்பித் தன் முழங்கையைத்தான் கீழே கொடுத்தாள். ஆனாலும் பிள்ளையின் நெற்றி கதவில் இடித்துப் புடைத்துவிட்டது. ஓடி வந்த பவுனம்மாள் குழந்தையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "இனிமே நீ உக்காந்தாத்தான் உன் கையில புள்ளை. ஆமா, சொல்லிட்டேன்!"

பொல்லாத்தனத்தில் சொன்னதில்லை, பயத்தில் சொன்னது. ஆனால் பயத்தில் போட்ட சட்டத்துக்குத்தான் கெட்டி அதிகம். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரிடம் பிள்ளைக்குக் கை நீட்டினாலும் ஒரே பேச்சுதான். "உக்காரு, தரேன்." மாமியார் சொன்னாள். நாத்தனார் சந்திரம்மாள் சொன்னாள். கடைசியில் பிச்சமுத்துவும் சொன்னான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பிள்ளை மடிக்கு வரும். பால் குடித்ததும் வேறொருத்தர் தூக்கிப் போய்விடுவார்கள். ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறார்கள், அவள் ஒருத்தி மட்டும் வெறும் இடுப்போடு நிற்கிறாள். கால் போனதற்குக்கூட அவள் அப்படி அழவில்லை. இதற்கு அழுதாள்.

ஆனாலும் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை அவள். காலையும் மாலையும் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே மடக்குவாள். 'எழுந்திரு, எழுந்திருடி சோம்பேறி' என்று பெருவிரலைத் திட்டுவாள். விரல் அசையாது. அவளும் விட மாட்டாள். பார்க்கிறவர்களுக்கே பாவமாக இருக்கும்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம், பிச்சமுத்துவுக்குக் கஞ்சி கொண்டுபோய் வாழைக்கொல்லை வரப்பில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று "ஐயோ!" என்று ஓர் அலறல். பாம்புதான் என்று நினைத்து பிச்சமுத்து மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"கட்டெறும்புங்க! கடிச்சிருச்சுங்க!"

"எறும்புக்கா இந்தக் கத்து?"

"ஏங்க, எங்க கடிச்சிருக்குன்னு பாருங்க!"

வலது பாதத்தின் மேல்புறம். பழைய கொப்புளத் தழும்புக்குப் பக்கத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது. "வலிக்குதுங்க... எனக்கு வலிக்குது" என்று அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிச்சமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கடித்த எறும்பை நசுக்கக்கூட அவனுக்கு மனசு வரவில்லை.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது, நடவு தொடங்கியது. உயிர் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. பெருவிரல் நெல்மணி உயரத்துக்குத் தூக்கத் தெரிந்துகொண்டது. அது முன்னால் நடக்கப் போதாது. "நாத்துக் கட்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு வரப்புலயே இரு" என்றாள் பவுனம்மாள். வள்ளிக்கண்ணு கேட்டால்தானே? பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். குனிந்து நட்டாள், ஓரடி பின்னால் வைத்தாள். மறுபடி நட்டாள், மறுபடி பின்னால். வயலில் பாதி தூரம் போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கால் தட்டவேயில்லை!

தட்டாது. முன்னால் நடந்தால்தானே தொங்குகிற விரல் முதலில் போய் எதிலாவது முட்டும்? பின்னால் நடக்கும்போது காலை இழுத்து வைத்தால் போதும், விரல் தானாகக் கூடவே வந்துவிடும். நடவு என்பதோ முழுக்க முழுக்கப் பின்னால் நடக்கிற வேலை. வீட்டில் எட்டு வைக்கப் பயந்தவள் வயலில் எல்லாரையும் முந்தினாள். அந்தக் குறுவையில் மற்றவர்கள் வேலை முடிந்ததும் கரையேறுவார்கள். அவள் ஆசை தீராமல் இன்னொரு பாத்தி நடுவாள். நடக்கிற சந்தோஷம் அங்கே மட்டும்தான் அவளுக்கு இருந்தது.

ஆவணியில் பவுனம்மாள் வேண்டுதல் பேச்சை எடுத்தாள். பிள்ளைக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். "கரும்போட ஒரு முனையைப் பிச்சமுத்து புடிக்கட்டும், இன்னொண்ணை சந்திரம்மா புடிக்கட்டும். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

"பெத்தவங்க ரெண்டு பேரும்னுதானே வேண்டினீங்க அத்தை? நான்தான் பெத்தேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.

"விழுந்துட்டா?"

"பட்டை இருக்கு. விழ மாட்டேன்."

ஒரு வாரம் வீட்டில் இதே வாக்குவாதம். கடைசியில் பிச்சமுத்து, "அவளே வரட்டும்மா" என்றான். பவுனம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். கோயில் வாசலில் இரண்டு கரும்பைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் துணியால் தூளி கட்டியாயிற்று. எல்லாம் தயார். அப்போதுதான் சந்திரம்மாள் கேட்டாள், "ஏம்மா, அண்ணி கால்ல தோலு கட்டியிருக்கே. அதோடயா கோயிலுக்குள்ள போறது?"

எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். செருப்பைக் கழற்றி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, வருஷம் முழுக்க அந்தக் காலோடு கிடந்த சைக்கிள் சீட்டும் தோல்தான் என்ற நினைப்பே வரவில்லை. பவுனம்மாள் பெருமூச்சு விட்டாள். "சந்திரம்மா, நீ புடி."

வள்ளிக்கண்ணு குனிந்து பட்டையை அவிழ்த்தாள். தேங்காய்க் கடையில் எல்லாருடைய செருப்போடும் அதை வைத்தாள். திரும்பி வந்து கரும்பின் பின்முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நடங்க" என்றாள் புருஷனிடம்.

முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. முட்டியை உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள். இரண்டாம் சுற்றில் கால் சோர்ந்தது. பெருவிரல் கல்லில் ஒரு தடவை உரசியது. இன்னொரு தடவை நன்றாகவே இடறியது. கரும்பு ஆட, தூளிக்குள் ரங்கநாயகி சிணுங்கினாள். பவுனம்மாள் "ஐயோ!" என்று இரண்டு கையாலும் தூளியைத் தாங்கிக்கொண்டாள். "போதும் வள்ளி. சொன்னாக் கேளு, கண்ணு. சந்திரம்மாகிட்ட குடுத்துடு."

எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டால், பிறகு இந்தப் பிள்ளையை நின்று தூக்குவது எந்தக் காலத்தில்? வள்ளிக்கண்ணு சட்டென்று சொன்னாள், "ஏங்க, நீங்க பின்னால வாங்க. நான் முன்னால போறேன்."

இடம் மாறினார்கள். பிச்சமுத்து போக வேண்டிய திசையைப் பார்த்து நின்றான். அவள் அவனைப் பார்த்தபடி, தூளியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு இடது காலைப் பின்னால் வைத்தாள், வலது காலைப் பின்னால் இழுத்தாள். சேற்றில் போவது போலவே கல்லில் போனாள். ஒரு தட்டல் இல்லை, ஓர் இடறல் இல்லை. பிள்ளை முகம் கண்ணுக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

பவுனம்மாளுக்கு என்ன தோன்றியதோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மருமகளின் முதுகுப் பக்கம் ஓடினாள். "வழி விடுங்க! தொட்டில் வருது, தள்ளுங்க! ஏம்பா, கண்ணு தெரியல?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "மெதுவா வா வள்ளி, இங்க ஒரு படி... தாண்டியாச்சு, வா."

கூட்டத்தில் ஒருத்தி மோவாயில் கை வைத்துக் கேட்டாள், "இது என்னங்க வேண்டுதல், பின்னால நடக்கறது? நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க எங்க பார்த்திருக்கப் போறீங்க? நடவுக்காரி வேண்டுதல் இப்படித்தான்!" என்றாள் பவுனம்மாள். "எங்க மருமக."

மூன்றாம் சுற்றும் முடிந்தது. கரும்பை இறக்கினார்கள். பவுனம்மாள் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்தாள். வள்ளிக்கண்ணு பழக்கத்தில் சுவர் ஓரமாகப் போய், சேலையை ஒதுக்கிக்கொண்டு முட்டியை மடக்கினாள்.

"எதுக்குடி உக்கார்றே?" என்று அதட்டினாள் பவுனம்மாள். அவள் கண் இரண்டும் கலங்கியிருந்தது. "இந்தா, புடி உன் புள்ளையை. எவ்வளவு நேரம்தான் நான் சுமக்கறது?"

வள்ளிக்கண்ணு நின்றபடி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாரும் கை நீட்டித் திரும்ப வாங்கவில்லை. தேங்காய்க் கடையில் பட்டையை மாட்டிவிட்டதும் பவுனம்மாள்தான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வள்ளிக்கண்ணுவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வலது கால் 'தப்' என்று விழும்போதெல்லாம் இடுப்பில் பிள்ளை ஒரு குலுங்கு குலுங்கியது, கெக்கெக்கே என்று சிரித்தது. அடுத்த 'தப்'புக்கு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது.

நரம்பு அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் வளர்ந்தது. பட்டை பரணுக்குப் போனது. அந்த 'தப்' சத்தம் மட்டும் காலோடு தங்கிவிட்டது. புதுப்பெண்கள் சிரிக்கும்போது வள்ளிக்கண்ணுவுக்குக் கோபம் வராது. அந்தச் சத்தத்துக்கு முதன்முதலில் சிரித்தது அவள் பெண்தான்.