தட்டுக்கு அடியில் ஒரு கால்

மழை விடட்டும் என்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கி நின்ற பெண்கள் போனில் பழைய சண்டைப் படமொன்றைப் போட்டார்கள். முதல் குத்துச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் எங்கள் லயத்து வீடொன்றில் ஓடிய படம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாடகை வீடியோ டெக்கைச் சுற்றி அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாடையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கதாநாயகன் எறிந்த பாறை அட்டைப்பெட்டி போல ஆடி ஆடி விழுந்தது. விசில் பறந்தது. பிறகு, கூலிகள் கொண்டுவந்த நெல்லைப் பண்ணையார் நிறுக்கும் காட்சி. எடை குறையும்படி தராசுத் தட்டுக்கு அடியில் கால் கொடுத்து நைசாகத் தூக்கினார். சிரிப்பில் அந்த ஒற்றை அறைக் காம்பராவே அதிர்ந்தது. படத்தில் எல்லாம் பொய். அந்தக் கால் மட்டும் எங்களுக்குத் தெரிந்த கால்.

இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், எங்கள் கொழுந்தை நிறுக்கும் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் என் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்த பாக்கலயாம்மா?"

"அவரும் சிரிக்கிறாருடா. அதத்தான் பாக்குறேன்."

மறுநாளும் தராசு பழையபடிதான் நிறுத்தது.

இப்போது இந்த மடுவத்தில் நிறுக்கிறவன் நான். தராசு மின்சாரத் தராசு, அடியில் கால் நுழையாது. வெயில் காய்ந்தாலும் ஈரத்துக்கென்று ஆபீஸ் சொல்லும் கிலோவைக் கழித்துத்தான் எழுதுகிறேன்.

போனில் பண்ணையார் கால் கொடுத்தார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்களில் லெச்சுமி அக்கா மட்டும் போனைப் பார்க்கவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.