ஏழாவது ‘ம்’

அந்தத் தாளில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நாகரத்தினம்தான். பெண்கள் எட்டுப் பேரில் பெயர் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றிருந்தது. தாள் இங்கிலீஷில் இருந்தது. “சகுந்தலாவை ஆஸ்பத்திரியில காட்டணும்ல, அதுக்குத்தான்” என்றார் மேஸ்திரி செல்வராஜ். அவள் போட்டதைப் பார்த்து, கையில் அடிபட்ட சகுந்தலா தவிர மற்ற ஆறு பேரும் கட்டைவிரலை மையில் ஒற்றினார்கள்.

மறுநாள் ஆபீஸ் பியூன் கலியன் விஷயத்தைச் சொன்னான். வேலை நேரத்தில் கதை கேட்டுக்கொண்டு கவனமில்லாமல் இருந்ததால் சகுந்தலா கையைக் குத்திக்கொண்டாள் என்று அதில் எழுதியிருந்ததாம். சனிக்கிழமை ஆபீசர் வந்து விசாரித்ததும் வேலைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவார்களாம்.

சொந்த ஊரிலிருந்து வெகுதூரம் வடக்கே, ஆற்றை ஒட்டிய கார்டன் ரீச்சில் படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அது. மிஷின் துடைத்த எண்ணெய்ப் பஞ்சை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மறுபடி துடைக்க உதவுவதைப் பெண்கள் பிரித்தெடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராத வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நாகரத்தினம் அங்கே மட்டும் பதினோரு வருஷமாகக் கதை சொல்லிவந்தாள். கை வேலையில் இருக்கும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரே சட்டம், கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வராவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

சனிக்கிழமை, லேக் கார்டன்ஸ் பக்கம் குடியிருந்த ஆபீசர் பட்டாபிராமன் வந்தார். கொட்டகையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். சகுந்தலா வாசலோரம் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“அன்னிக்கு என்ன நடந்ததுன்னு யாராவது சொல்லுங்கோ. நேக்கு நாழியாறது.”

பட்டாபிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னத்தைச் சொல்லுவாளுங்க சார்” என்றார் செல்வராஜ். “இந்த ரத்தினம் கதை சொல்லும், இதுங்க வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கும். வேற என்ன நடந்துச்சு?”

பட்டாபிராமனுக்குச் சிரிப்பு வந்தது. “அப்படி என்னம்மா கதை?”

நாகரத்தினத்தின் காலடியில் கொஞ்சம் பஞ்சு கிடந்தது. அவள் சட்டென்று தரையில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். குரல் வந்தது.

“ஒரு ஊர்ல ஒரு பட்டறைங்க.”

‘ம்’ வரவில்லை.

“அங்க மூட்டையைக் கொட்டறதுக்கு முன்னாடி கம்பி வலையில போட்டு உலுக்குவாங்க. கடைசல் மிஷின்ல சீவி விழுந்த கூரான இரும்புச் சுருளெல்லாம் கீழ போயிரும். பஞ்சு மேல நிக்கும்.”

அவள் கண்ணுக்குச் செல்வராஜின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அது ஓர் அடி நெருங்கி வந்தது. கதை இத்தோடு செத்தது என்று நினைத்தாள்.

“ம்.”

வரிசையில் நின்ற சௌந்தரத்தின் குரல். அவள் புருஷனும் செல்வராஜிடம்தான் கூலி வேலை பார்த்தான்.

“சித்திரையில அந்த வலை கிழிஞ்சு போச்சு.”

“ம்.” இப்போது மூன்று நான்கு குரல்கள்.

“மேஸ்திரிகிட்ட சொன்னாங்க. நாளைக்குப் பார்க்கலாம்னாரு. ஆடி வந்துருச்சு. மூட்டை உலுக்காமலே வந்து விழுந்துச்சு.”

“ம்.”

“ஒருநாள் கதை சொல்றவளுக்கு ஏழு ‘ம்’ வரணும். ஆறுதான் வந்துச்சு. யாரு சொல்லலைன்னு திரும்பிப் பார்த்தா, சகுந்தலா கையில சுருள் இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்திருந்துச்சுங்க.”

“ம்” என்றார் பட்டாபிராமன். சொன்னது அவருக்கே தெரிந்ததோ என்னவோ. அடுத்த நிமிஷம் தாளைத் தூக்கிக் காட்டினார். “இது யார் கையெழுத்து?”

“என்னுதுங்க.”

“இதுல வேற மாதிரின்னா இருக்கு.”

“இங்கிலீஷ் படிக்கத் தெரியாமப் போட்டேங்க. என்னைப் பார்த்துத்தான் மத்தவங்களும் வச்சாங்க. பேரை அடிக்கணும்னா என் பேரை அடிங்க.”

“பார்த்தீங்களா சார், இப்ப மாத்திப் பேசறா” என்றார் செல்வராஜ்.

பட்டாபிராமன் எழுந்தார். “அந்த வலை எங்கே இருக்கு?”

“குடோன்ல இருக்கும் சார்.”

“காட்டும்.”

போனவர்கள் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. வலையின் கிழிசலில் ஆபீசரின் கை முழங்கை வரை நுழைந்ததைப் பார்த்ததாகக் கலியன் பிறகு சொன்னான். அவரோ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

திங்கள் காலை செல்வராஜ் பேர் கூப்பிட்டார். நாகரத்தினம். சௌந்தரம். நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சகுந்தலா.”

“இருக்கேன் மேஸ்திரி.”

அன்று மூட்டைகள் வரத் தாமதமாயிற்று. வெளியே புது வலையில் உலுக்கும் சத்தம் கேட்டது. சகுந்தலா ஒற்றைக் கையால் பஞ்சைப் பிரித்தாள். செல்வராஜ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

நாகரத்தினம் தலை நிமிராமல் கேட்டாள்: “அன்னிக்குக் கதையை எங்கடி விட்டேன்?”

“யானை கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்குதுக்கா” என்றாள் சகுந்தலா.