விலக்கிவிட ஆள் வருமுன்

எங்கள் அணியின் உடைமாற்றும் அறையில், கதவை ஒட்டி ஒரு மரப்பலகை. அதன்மேல் வரிசையாகக் காகிதக் குவளைகள், ஒவ்வொன்றிலும் பேனாவால் ஓர் எண். ஆட்டத்துக்கு இறங்குமுன் அவரவர் பொய்ப்பல்லைக் கழற்றி அவரவர் குவளையில் போட்டுவிட்டுப் போகவேண்டும். பதினேழாம் எண் என்னுடையது, அதில் மூன்று பற்கள். வந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் பக்கத்துக் குவளைப் பல்லை மாட்டிக்கொண்டு உள்ளூர்ப் பத்திரிகைக்காரருக்குப் பேட்டி கொடுத்தேன். படத்தைப் பார்த்த அம்மா, வாய் ஏன் கோணியிருக்கிறது என்று இரண்டு நாள் அழுதாள்.

கனடாவில், கியூபெக்கின் ஒரு சின்ன ஊரில், ஐஸ் ஹாக்கி ஆடிப் பிழைக்கிறேன். ஆடி என்று சொல்வது பெருமைக்குத்தான். கோல் போடுவது என் வேலையில்லை. எங்கள் அணியில் வேகமாகச் சறுக்குகிறவனை எதிரணிக்காரன் பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகைத் தடுப்பில் வைத்து நசுக்கினால், அவனைத் தேடிப்போய் அடிப்பது என் வேலை. அதற்கும் முறை இருக்கிறது. எதிரே வந்து நின்று "த்யூ வே?" என்று கேட்கவேண்டும். வேண்டுமா என்று அர்த்தம். அவன் தலையாட்டினால் இருவரும் கையுறையை உதறிவிட்டு அடித்துக்கொள்ளலாம். ஒருவன் விழும்வரை நடுவர்கள் சும்மா நிற்பார்கள். விழுந்தவனின் தோளைத் தட்டி "நன்றாகச் சண்டை போட்டாய்" என்று சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்தது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொள்கிறவனை இங்கே யாரும் மதிப்பதில்லை.

நான் பாகூர் பக்கம் செலியமேட்டில் பிறந்தவன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்தத் தொடர்பில் பிரெஞ்சு கற்றுக்கொண்ட அப்பா, எனக்கு எட்டு வயதானபோது எங்களை இங்கே கூட்டிவந்தார். தங்கை சுமதிக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை மகன் கதிர்வேலைக் கட்டிக்கொண்டு செலியமேட்டுக்கே திரும்பிவிட்டாள். எங்கள் நிலத்தையும் கதிர்தான் பயிரிடுகிறான். சின்ன வயதில் எனக்கு அவன் உயிர்.

போன ஏப்ரலில் ஊருக்குப் போனது ஒரே காரியத்துக்காக. அவர்களுடைய மூன்று வயது மகள் தேன்மொழிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அந்தத் தாய்மாமன் நான்தான், எனக்கு இருப்பதும் அந்த ஒரே மருமகள்தான். அவளுக்கு வாங்கிய பட்டுப்பாவாடையைப் பெட்டியில் அடியில் வைத்து, அதன்மேல்தான் என் துணிகளை அடுக்கினேன். வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

விசேஷத்துக்கு ஆறு நாள் இருந்தது. காலையில் வயலுக்குப் போனவன், நெல் காய்கிறதே என்று வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டேன். அன்று தண்ணீர் முறை பக்கத்து நிலத்து முத்துவுக்கு. அவர் கதிரைப் பத்துப் பேர் எதிரில் திட்டித் தீர்த்தார். கதிர் முகம் சிவந்து என்னிடம் வந்தான்.

"ஒன்ன யாருடா மடைய தொறக்கச் சொன்னா? வூட்ல குந்தியிருக்க வேண்டியதானே! ஒங்கப்பன் மண்ண வுட்டுட்டு ஓடனான். நீ ஊரான் நாட்ல அடி வாங்கி வவுறு கழுவற. ஒனக்கு இன்னாடா தெரியும் மொறையப் பத்தி?"

அப்பாவைச் சொன்னதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "சண்டை வேணுமா?" என்று கேட்டேன். அந்த நிலையிலும் முறையாகத்தான் கேட்டேன்.

"வாடா! கை வச்சிடுவியா? எங்க, வச்சிப் பாரு!" என்று அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி வரப்பில் வைத்தேன். செலியமேட்டில் "வச்சிப் பாரு" என்பது சண்டையல்ல, சண்டைக்கு முந்தைய பேச்சு. அது அரைமணி நேரம்கூட ஓடும். அதற்குள் நான்கு பேர் இந்தப் பக்கமும் நான்கு பேர் அந்தப் பக்கமும் இழுத்துப் பிடிப்பார்கள். பிடிக்கிறவர்கள் கையில் திமிறிக்கொண்டே இருவரும் கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். முத்துவும் மற்றவர்களும் எங்களைப் பிடிக்கத்தான் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். கதிரும் அவர்களை நம்பித்தான் மார்பை நிமிர்த்தினான், கையைத் தூக்கக்கூட இல்லை. விலக்கிவிட ஆள் வருமுன் நான் அடித்துவிட்டேன். இடது கையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வலது கையால் மூன்று குத்து. பனித்தரையில் கால் வழுக்கும், பாதி வேகம் அங்கேயே போய்விடும். வயல் மண்ணில் கால் ஊன்றி நின்றது. மூன்றாவது குத்தில் தாடை உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் சேற்றில் மல்லாந்து விழுந்தான், மூக்கிலிருந்து ரத்தக் குமிழ் வந்தது. நான் குனிந்து தோளைத் தட்டி, "முடிஞ்சிது மச்சான்" என்றேன்.

இதைவிடக் கேவலம் சாயங்காலம் செய்தது. தாடையைக் கம்பியால் கட்டிப்போட்டிருந்த ஆஸ்பத்திரிக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். "மூணு குத்து தாங்கின மச்சான், பெரிய ஆளு நீ" என்று மனசாரப் பாராட்டினேன். சுமதி இளநீரைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தாள். புருவம் கிழிந்தது.

"அடிச்சிட்டு மெச்சிக்க வேற வந்தியாண்ணா? மனுசனா நீ?"

"நானும் நிக்கறேன், என்னை அடிக்கச் சொல்லு" என்றேன். "எத்தன வேணாலும் அடிக்கட்டும். தேன்மொழிய மட்டும் என் மடில வைங்க."

கதிர் கட்டிய தாடைக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். "அடி வாங்கறது ஒனக்குத் தொழிலு. ஒன்ன அடிச்சி எனக்கு இன்னா வரப்போவுது?"

எனக்கு வலிக்கிற இடம் ஒன்றுதான், அது அவனுக்கும் தெரியும். காதுகுத்துக்கு என்னை வரவேண்டாம் என்றான். சுமதி மறுக்கவில்லை.

காதுகுத்து அன்று கோயில் மதிலுக்கு வெளியே நின்றேன். எனக்குப் பதிலாக எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்துக் குத்தினார்கள். குழந்தை வீறிட்டதும் மதிலைக் குத்தினேன், குத்திக்கொண்டே இருந்தேன். பூக்காரம்மா கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

திரும்பி வந்து, சக ஆட்டக்காரன் ஒருவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஜெயித்தது நீதானே?" என்றான். வாழ்த்துவதாக நினைத்துத்தான் கேட்டான்.

போன வாரம் இந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். எதிரணியின் புது ஆள் வந்து "த்யூ வே?" என்றான். தலையாட்டினேன். அவனுடைய வலக்கண் மூடிக்கொள்ளும்வரை அடித்தேன். ஆட்டம் முடிந்து, வீங்கிய இரண்டு கைகளையும் ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெஞ்சின்மேல் போன் அடித்தது. சுமதி. ஏப்ரலுக்குப் பிறகு அவள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. குனிந்து மூக்கால் திரையைத் தொட்டு எடுத்தேன்.

திரை முழுக்கத் தேன்மொழியின் முகம். காதுகளில் சிவப்புக்கல் தோடு.

"யாருன்னு சொல்லுடி" என்றது சுமதியின் குரல்.

"அப்பாவ அடிச்ச மாமா."

அதில் கோபமே இல்லை. மளிகைக்கடை மாமா என்பதைப் போலத்தான் சொன்னாள். சுமதி அதட்டவில்லை.

அதற்குள் அறைக்கதவைத் திறந்துகொண்டு அந்தப் புது ஆள் எட்டிப் பார்த்தான். ஒற்றைக் கண்ணால் சிரித்தபடி இரண்டு பீர் பாட்டில்களைத் தூக்கிக் காட்டி, வா என்று தலையசைத்தான்.

"மாமா, கையக் காட்டு" என்றாள் தேன்மொழி.

நான் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.