சாம்பல் துறவியின் இடது தோள்

அந்தக் காலத்தில் வாரமெல்லாம் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்த ஹில்டா என்ட்விசில், சனிக்கிழமையானால் இங்கிலாந்தின் ஓல்டம் நகர மல்யுத்த அரங்கின் முதல் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருப்பாள். முகமூடி போட்ட வில்லன் சாம்பல் துறவி கடந்து போகும்போது எழுந்து குடையால் நாலு சாத்து சாத்துவாள். கூட்டம் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தும்.

துறவி செத்து வெகுகாலம் ஆகிறது. இப்போது தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பழைய மல்யுத்தத்தின் மேல் திடீர்ப் பாசம். துறவியின் முகமூடியைத் தேடிப்பிடித்து ஓர் இளைஞனுக்கு மாட்டினார்கள். எண்பது வயது ஹில்டாவையும் குடையோடு வரச் சொன்னார்கள். துணைக்கு நான், பக்கத்து வீட்டு மாவிஸ்.

துறவி வந்தான். ஹில்டா எழுந்து அடித்தாள். அவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டு மேடை ஏறினான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“என்னடி சொன்னான்?”

“‘வலது பக்கமா அடி கண்ணு, இடது தோள் இன்னும் ஆறல’ன்னான். அந்தக் காலத்துல வாராவாரம் அவர் எங்கிட்ட ரகசியமா சொல்றது. வேற யாருக்குமே தெரியாது மாவிஸ்.”

கிழவிகள் என்றால் இவர்களுக்கு விளையாட்டா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் சுற்று முடிந்து இடைவேளை விட்டதும், அவனைப் பிடிக்க நேரே உடை மாற்றும் அறைக்குப் போனேன். மத்தியானம் எங்களோடு தேநீர் குடித்த அதே இளைஞன், வெறும் முகத்தோடு, பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, வயசானவகிட்டயா உன் வேலையக் காட்டுற?”

“நான் என்னம்மா பண்ணேன்? நான் இன்னும் மேடைக்கே வரல. சாயங்காலத்துலேர்ந்து முகமூடியக் காணோம். அது இல்லாம நான் எப்படி வெளிய வர்றது?”

அரங்கில் மணி அடித்தது. இரண்டாவது சுற்று ஆரம்பமாகிவிட்டது.