நாலாவது மடிப்பின் வரி

என் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி, "மூக்கு கொஞ்சம் பெருசுதான், வளர்ந்தா சரியாயிடும்" என்று தாயிடமே சொல்லிவிட்டு வருவாள். கூடப் போகும் எனக்குத்தான் மானம் போகும்.

நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறோம். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், நாலு மடிப்பு. மடிப்புக்கு ஒரு வரியாகப் பாட்டு உண்டு. எங்களுக்கு முந்தியவர்கள் மூன்று வரி வைத்திருந்தார்கள். நாலாவதுக்குச் சும்மா முனகுவார்கள். அண்ணியின் தம்பி கோபித்துக்கொண்டு கப்பல் வேலைக்குப் போய், கடுதாசியே வராமல் போன வருஷம், அவள் அந்த முனகலில் ஒரு வரி போட்டாள்: "வாசக்கதவத் தொறந்து வச்சேன், வந்துடுடா வாலு." வாலு, அவனுக்கு வீட்டுப் பெயர். நாளுக்கு முந்நூறு விரிப்பாவது மடிப்போம்; அத்தனை தடவையும் அவனைக் கூப்பிட்டாக வேண்டும் அவளுக்கு.

போன மாதம் பழைய வேலைப்பாட்டுகளைப் பதிவு செய்கிறவர் ஒருவர் வந்தார். இரைச்சலுக்காக எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினார்கள். மடிக்கிற எட்டுப் பேரும் ஜோடி ஜோடியாக நின்றோம்.

"யார் கட்டினதுன்னு தெரியாத பாட்டுதாங்க எனக்கு வேணும்," என்றார்.

"நாலாவது வரி நான் கட்டினதுங்க," என்றாள் அண்ணி.

"அப்ப அத விட்டுடலாம்மா. பழையபடி முனகுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "வாய மூடிட்டு இருந்தா என்ன அண்ணி? கேட்டாரா அவரு?" என்று அவள் தொடையில் கிள்ளினேன். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வரியாவது எங்காவது பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருந்தாள், பாவம்.

பாடினோம். மூன்று வரி ஒழுங்காகப் போனது. நாலாவது மடிப்பில் முனக யாருக்கு வந்தது? பழகிய வாய், தானாகப் பாடிவிட்டது. ஆனால் ஒரு ஜோடி "வந்துடுடி குட்டி" என்றது. இன்னொன்று "வந்துடுடா சின்னான்" என்றது. இத்தனை வருஷம் இயந்திரச் சத்தத்தில் எங்களுக்கு மெட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"எங்க வாலு எங்கடி?" என்று கத்தினாள் அண்ணி.

குட்டி என்று பாடிய ஜோடியில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா, எனக்குச் சொல்லிக்குடுத்தவ சின்னான்னு பாடினா. அவளுக்கு யாரோ. நான் என் மகள வச்சுக்கிட்டேன். அவளும் என்னோட பேசறதில்ல."

பதிவு செய்கிறவர் கருவியை மறுபடி முடுக்கினார். "இது இப்ப உங்களுது மட்டும் இல்லம்மா. எடுத்துக்கறேன். ஆனா எந்தப் பேர எழுதட்டும்?"

அண்ணி விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே நின்றாள். வாலு என்று சொல்லிவிடுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"எதையும் எழுதாதீங்க," என்றாள். "அந்த எடத்த காலியா விடுங்க. யாருக்கு யார் வரணுமோ."

திரும்பப் பாடினோம். நாலாவது மடிப்பில் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். பதிவில் ஒன்றும் தெளிவாகக் கேட்காதாம். எனக்கு எதிரே நின்ற அண்ணியின் குரல் உடைந்துபோனது. அதனால் வாலுவை நான்தான் உரக்கக் கூப்பிட்டேன்.